விலக்கிய நாட்களின் கணக்கு

எங்கள் மாவட்டத்தில் விளையாட்டுக்கும் நிலத்துக்கும் தொடர்பு உண்டு. கரிசல் பக்கம் கோவில்பட்டி என்றால் ஹாக்கி. தேரி மணல் ஊர்களில் கபடி. கடற்கரையில் கால்பந்தும் கபடியும். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் 'பைசன் காளமாடன்' திரைப்படம் வந்தபோது, கபடியைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்ட நகரத்து நண்பர்கள் சிலர் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். பாடிச் செல்வது, பிடி, போனஸ் எல்லாம் கேட்டார்கள். ஒருவரும் கேட்காத ஒன்றைப் பற்றி எழுத எனக்கு வெகுநாளாக எண்ணம். ஆட்டக்காரன் தவறு செய்தால் அவனை எத்தனை நாள் விலக்கி வைக்கிறார்கள், அந்த நாட்களை யார், எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்பதே அது.

எனக்கு இதில் இரண்டு வழிகளில் ஈடுபாடு. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தொழிலாளர் மீது நடக்கும் உள்விசாரணைகளில் கேள்வியையும் பதிலையும் எழுதுவது என் பொறுப்பு. மாலையானால், கடற்கரை ஊர் ஒன்றின் கபடி அணிக்குக் கணக்கும் கடிதமும் எழுதுபவன். பகலில் ஒருவகை விலக்கையும் இரவில் இன்னொரு வகை விலக்கையும் அருகிலிருந்து பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசிக்க வாய்த்தது அப்படித்தான்.

*

முதலில் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி. 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக், ஆடவர் ஹாக்கி காலிறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் மோதின. 17ஆவது நிமிடத்தில் நம் தற்காப்பாட்டக்காரர் அமித் ரோகிதாஸின் மட்டை, எதிரணியின் வில் கால்னனின் முகத்தில் பட்டது. விஷயம் காணொளி நடுவரிடம் சென்று, சிவப்பு அட்டையாகத் திரும்பியது. ஹாக்கியில் பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம். சிவப்புக்கு மிச்ச ஆட்டம் முழுவதும். 40 நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றது. அன்று ஸ்ரீஜேஷ் கோல் வாசலில் நின்ற விதத்தை ஹாக்கி அறியாதவர்களும் பேசினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. சர்வதேச ஹாக்கி சம்மேளனம் ரோகிதாஸுக்கு மேலும் ஓர் ஆட்டம் விலக்கு விதித்தது. ஹாக்கி இந்தியா மேல்முறையீடு செய்தது, அது ஏற்கப்படவில்லை. ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மனியுடனான அரையிறுதியில் அவர் ஆடவில்லை. பெனால்டி கார்னரின்போது கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பந்தை நோக்கிப் பாய்வது அவருடைய வேலை. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. இந்தியா 2-3 என்று தோற்றது. அவர் இருந்திருந்தால் என்ற பேச்சுக்குப் பொருளில்லை. விளையாட்டில் அப்படிக் கணக்குப் போட முடியாது. ஆகஸ்ட் 8 அன்று அவர் திரும்பி வந்தார். ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது.

அந்த மட்டை வேண்டுமென்றே வீசப்பட்டதா, ஓட்டத்தில் பட்டதா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. என்னை நிறுத்தியது 'ஓர் ஆட்டம்' என்ற சொல். ஒலிம்பிக் அரையிறுதியும் ஓர் ஆட்டம், யாரும் பார்க்காத நட்புப் போட்டியும் ஓர் ஆட்டம். இரண்டையும் ஒரே படியில் அளந்து கொட்டுகிறது விதி. நான்கு ஆண்டுகள் காத்து அடைந்த ஒரு பகலும், அடுத்த வாரமே மீண்டும் வரக்கூடிய ஒரு பகலும் ஒன்றாகிவிடுமா?

*

எங்கள் கரைக்கு இந்தக் கேள்வி புதிதன்று. முத்துக்குளிப்பை இங்கே சலாபம் என்பார்கள். 1920களின் இறுதியில் நடந்த சலாபத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்களில் விளைந்த சிப்பி இல்லை. பின்பு 1955இல் தொடங்கியது, 1961ஓடு நின்றது. இன்றுவரை இல்லை. நடக்கும் ஆண்டிலும் கடல் தெளிந்து கிடக்கும் சில வாரங்கள் மட்டுமே. குளிப்பவருக்கு வழக்கமாக, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் தெருவில் 1961 சலாபத்தில் மூழ்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். அந்த வருடம் காய்ச்சலில் நான்கு நாள் கரையில் கிடந்ததை எழுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருப்பார். வாழ்நாளில் எத்தனையோ நாள் காய்ச்சலில் படுத்திருப்பார். அந்த நான்கு நாளுக்கு மட்டும்தான் அவரிடம் கணக்கு இருந்தது.

கடலில் நாட்கள் ஒரே எடை கொண்டவையல்ல என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத பாடம். ஆட்டக்காரனுக்கும் அப்படித்தான். இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் அவனுடைய சலாபம் நடந்து முடிந்துவிடுகிறது.

கிரிக்கெட் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2016 முதல் அங்கே தவறுக்கு ஏற்பக் கறைப்புள்ளிகள் தருகிறார்கள். 24 மாதங்களுக்குள் நான்கு சேர்ந்தால் அவை விலக்குப் புள்ளிகளாகின்றன. இரண்டு விலக்குப் புள்ளி என்றால் ஒரு டெஸ்ட், அல்லது இரண்டு ஒருநாள் ஆட்டம், அல்லது இரண்டு இருபது ஓவர் ஆட்டம். ஆட்டத்துக்கு ஆட்டம் எடை வேறு என்று விதியே ஒப்புக்கொள்ளும் இடம் அது. இறுதிப் போட்டிக்கும் சாதாரணப் போட்டிக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அந்தத் தராசிலும் ஏறவில்லை.

*

இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. ரக்பி லீக். நம் பக்கம் யாரும் ஆடுவதில்லை. அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடிவருபவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதே ஆட்டம் என்பதால், கபடிக்குத் தூரத்து உறவு என்று எனக்குத் தோன்றும். அது பிறந்த கதை துறைமுகத்துக்காரனான என்னை இன்னும் நெருங்கி நிற்க வைத்தது. வட இங்கிலாந்தில் ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் கப்பல் துறையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர்களுடைய அணிகள் கேட்டன. ரக்பியை நடத்திய தென்பகுதிக் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஓட்டலில் கூடி வடக்கு அணிகள் தனியாகப் பிரிந்தன. இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு என்பது அவர்கள் முதலில் வகுத்த விதி. ஒரு நாளின் விலை என்ன என்ற வழக்கில் பிறந்த ஆட்டம் அது.

இன்று ஆஸ்திரேலியாவில் அதன் முதன்மை லீக்கில், வார இறுதி ஆட்டங்கள் முடிந்ததும் ஒரு குழு காணொளிகளைப் பார்த்துக் குற்றங்களைத் தரம் பிரிக்கிறது. உடனே ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். வழக்காடித் தோற்றால் கூடும். முன்பு அங்கே புள்ளிக் கணக்கு இருந்தது; 100 புள்ளிக்கு ஓர் ஆட்டம். 2022இல் அதை மாற்றி, சிறு குற்றங்களுக்கு ஆட்ட விலக்குக்குப் பதில் அபராதம் என்று கொண்டுவந்தார்கள். இங்கிலாந்திலோ 2025இல் புள்ளிகளை 12 மாதங்களுக்குச் சேர்த்து எண்ணும் முறைக்குப் போனார்கள். ஒருவர் விட்டுப்போன வாசலில் மற்றவர் நுழைகிறார். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் விலைப்பட்டியல் முடிவாகவில்லை.

கடுமை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தலையில் விழும் அடி மூளையை என்ன செய்கிறது என்பது இன்று தெரிந்த செய்தி. 2021 மே மாதம் பிரிஸ்பேனில் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் கூடிய வார இறுதியில், தலைமீதும் கழுத்துமீதும் விழும் பிடிகளுக்கு நடுவர்கள் சரமாரியாக ஆட்களை வெளியேற்றினார்கள். கபடி விதியிலும் பாடி வருபவனின் வாயைப் பொத்துவது, கழுத்தை நெரிப்பது, கால்களால் கத்தரிப்பிடி போடுவது எல்லாம் குற்றம். காக்கப்பட வேண்டியது உடல். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. போன வாரம் எச்சரிக்கையோடு போன அதே பிடி இந்த வாரம் பெருங்குற்றமானது எப்படி என்பதுதான் அன்று ஆட்டக்காரர்களின் கேள்வி. கடுமையைத் தாங்கிக்கொள்ளலாம். நேற்றுக்கும் இன்றைக்கும் மாறும் கடுமையைத் தாங்குவது கடினம்.

*

துறைமுகத்தில் ஒரு தொழிலாளி மேற்பார்வையாளரோடு கைகலந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனை வாசலில் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் மெமோ. பின்பு குற்றச்சாட்டு குறிப்பாணை. அதற்கு விளக்கம் எழுத அவகாசம். விசாரணையில் தனக்குத் துணையாக ஒருவரை அழைத்துவர உரிமை. எதிர்ச்சாட்சியைக் கேள்வி கேட்க உரிமை. விசாரணை முடியும்வரையான விலக்கு தண்டனை ஆகாது என்பதால், அந்த நாட்களுக்குப் பிழைப்பூதியம் உண்டு. 1946இன் நிலையாணைச் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட விதி: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், தாமதம் தொழிலாளியால் நேராவிட்டால் அதற்கு மேல் முக்கால் சம்பளம். 2020இன் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அதே விகிதம் தொடர்கிறது.

அபராதத்துக்கும் கட்டு உண்டு. 1936இன் கூலி வழங்கல் சட்டம் நான்கு விஷயங்களைச் சொன்னது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று வேலையிடத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். விளக்கம் கேட்காமல் விதிக்கக் கூடாது. அந்தக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வசூலான பணம் தொழிலாளரின் நன்மைக்கே செலவாக வேண்டும். 2019இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும் 3 சதவீத வரம்பை வைத்திருக்கிறது. நடைமுறையில் இவை எல்லாம் எத்தனை முறை மீறப்பட்டன என்பதை நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் மீறப்பட்டது என்று சொல்ல ஒரு விதி இருந்தது. தொழிலாளி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றம் வரை போக முடிந்தது.

இரவு, மின்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டத்தில் அப்படி ஒரு காகிதம் இல்லை.

எங்கள் அணியின் இடது மூலை ஆட்டக்காரன் ஒருவன். விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். கணுக்காலைப் பிடித்தானென்றால் வந்தவன் திரும்பிப் போனதில்லை. பக்கத்து ஊர்ப் போட்டி ஒன்றில் பாடி வந்தவனை மூன்று பேர் சேர்ந்து விழுத்தாட்டினார்கள். அவனுடைய காறை எலும்பு முறிந்தது. முதலில் பிடித்தவன் எங்கள் பையன். அரைமணி நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: இரண்டு ஆண்டு விலக்கு, சுற்றுவட்டாரப் போட்டிகள் எல்லாவற்றுக்கும். எந்த விதிப்படி என்று சொல்லவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் அலுவலகப் பழக்கத்தில் ஒரு மேல்முறையீடு எழுதினேன். குற்றம் இன்னது என்று எழுத்தில் தர வேண்டும், மற்ற இருவரின் பங்கு என்ன என்று பார்க்க வேண்டும், அவனை நேரில் கேட்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். கையெழுத்துப் போடும்போது அவன் கேட்டான்: "ஏன்னு அவங்க சொல்லாண்டாம் அண்ணாச்சி. ரெண்டு வருசத்தக் கொறைப்பாங்களா, அத மட்டும் கேளுங்க." பதில் வந்தது ஏழு மாதம் கழித்து. அதுவும் வாய்ச்சொல்லாக. பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். இதற்கிடையில் அதே குழுவின் இன்னொரு போட்டியில், பரிசுத்தொகை கொடுத்தவரின் ஊர் அணிக்காரன் ஒருவன் எதிரியைக் கழுத்தோடு பிடித்துச் சாய்த்தான். மஞ்சள் அட்டை. இரண்டு நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

கபடி ஆடுகிற ஏழைப் பையனுக்கு ஆட்டம் என்பது கோப்பை மட்டும் இல்லை. ரயில்வேயோ காவல்துறையோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது காட்டச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாவட்ட அணி, மாவட்ட அணிக்குத் தேர்வாளர் கண்ணில் பட இந்த ஊர்ப் போட்டிகள். இரண்டு ஆண்டு கழிந்தபோது அவனுக்கு வயது வரம்பு கடந்திருந்தது. இப்போதும் படகில்தான் இருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மீன் பெருகுவதற்காகக் கரையில் இருக்கிறான். அதற்கு அரசு நிவாரணம் தருகிறது. காரணம் சொல்லி விலக்குகிறார்கள், முன்கூட்டியே தேதி சொல்லி விலக்குகிறார்கள், ஈடும் தருகிறார்கள். மீனுக்காக இவ்வளவு முறையாகச் செய்ய முடிகிறது.

காறை எலும்பு முறிந்தவனைப் பார்க்க இரண்டு முறை போனேன். உப்பளத்தில் மூட்டை சுமப்பவன். மூன்று மாதம் தோளில் எதையும் ஏற்ற முடியவில்லை. எக்ஸ்ரே, கட்டு, பேருந்துக் கூலி எல்லாம் கடன். எங்கள் பையன் இழந்த இரண்டு ஆண்டில் ஒரு நாளும், ஒரு ரூபாயும் இவனுக்குப் போய்ச் சேரவில்லை. விலக்கு என்ற தண்டனையின் விசித்திரம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஒருவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்ததை யாருக்கும் கொடுப்பதில்லை.

*

ஆகவே சீர்திருத்தம் என்று பேசும்போது ஊர்த்திடலுக்கும் ஒலிம்பிக்குக்கும் நான் ஒரே பட்டியலைத்தான் வைப்பேன்.

எந்தப் பிடிக்கு, எந்த அடிக்கு என்ன தண்டனை என்பது ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் தெரிய வேண்டும். நடுப்பருவத்தில் கடுமை கூடுவதானால் அதற்கும் தேதி வேண்டும்.

தண்டிப்பவர் காரணத்தை எழுதித் தர வேண்டும். மேல்முறையீடு அடுத்த ஆட்டத்துக்கு முன்பே முடிய வேண்டும். அவ்வளவு வேகம் நடக்காது என்பார்கள். 1996 முதல் ஒலிம்பிக் நடக்கும் இடத்திலேயே விளையாட்டு நடுவர் மன்றத்தின் தனிப்பிரிவு ஒன்று அமர்கிறது. மனு வந்த 24 மணி நேரத்துக்குள் தீர்ப்புச் சொல்வது அதன் வழக்கம். களத்து நடுவரின் முடிவுகளில் அது தலையிடுவதில்லை. ஆனால் வேகம் இயலும் என்பதற்கு அது சாட்சி.

வழக்காடியதற்காகத் தண்டனை கூடக் கூடாது. இறுதிப் போட்டி வரப்போகும் வாரத்தில், ஒப்புக்கொண்டால் அபராதம், வாதாடித் தோற்றால் விலக்கு என்று சொன்னால், குற்றமற்றவனும் ஒப்புக்கொள்வான். துறைமுகத்து விசாரணை அறையில் அப்படி ஒப்புக்கொண்ட பல முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாட்களை எண்ணும்போது எடையும் போட வேண்டும். வேண்டுமென்றே செய்த கொடுஞ்செயலுக்கு எந்த ஆட்டமானாலும் விலக்கு; அதில் தயக்கம் வேண்டாம். ஐயத்துக்கு இடமுள்ள செயலுக்கு ஓர் அரையிறுதியை எடுத்துக்கொள்வது அளவுக்கு மீறியது. அங்கே அபராதம் போதும். அது சம்பளத்தின் விகிதமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்சத்திரத்துக்குச் சில்லறை, புதியவனுக்கு ஒரு மாதச் சோறு.

அந்தப் பணம் முதலில் அடிபட்டவனுக்குப் போக வேண்டும். தொழிலாளியின் அபராதம் தொழிலாளருக்கே என்று 1936இலேயே எழுத முடிந்த நாட்டில் இது பெரிய ஆசையில்லை.

எங்கள் ஊர்ப் போட்டியில் சில ஆண்டுகளாக நுழைவாயிலருகே ஒரு பலகை தொங்குகிறது. நீல வண்ணத்தில் பதினோரு வரிகள். கடைசி வரி, வசூலாகும் அபராதம் காயம்பட்டவரின் வைத்தியத்துக்கு என்கிறது. அதை எழுத வைக்க இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. 'அடிபடாம என்ன வெளையாட்டு' என்றார்கள் சிலர். போன வருடம் ஒருவனுக்கு முழங்கால் பிசகியது. பிடித்தவனின் அணி மறுநாள் காலையிலேயே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டியது. ஒலிபெருக்கியில் எதுவும் அறிவிக்கவில்லை. பிடித்தவனே பணத்தை எடுத்துக்கொண்டு போய், அவன் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.